மண்ணடி கிளியரிங் ஆபீஸில் இரண்டு மாதம்: என் இன்டர்ன்ஷிப்புக்கு ஐந்துக்கு நாலு

காலேஜில் ஜூனியர் பிள்ளைகள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: "அக்கா, நீங்க போன இடம் எப்படி? நாங்க போலாமா?" ஆளுக்கொரு வாய்ஸ் நோட் அனுப்புவதற்கு ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இன்டர்ன் எடுக்கிற ஆபீஸ்காரர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. ஆபீஸ் பேரைப் போடவில்லை. "விளம்பரம் எல்லாம் வேணாம்மா" என்று சார் சொல்லிவிட்டார். உண்மையாகவே போக நினைப்பவர்கள் என்னிடம் நேரில் கேளுங்கள்.

நான் பி.காம் மூன்றாம் வருஷம். வீடு காலடிப்பேட்டை. அப்பா கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறார். ஆபீஸ் இருப்பது தம்பு செட்டித் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சாரையும் சேர்த்து ஏழு பேர். வெளிநாட்டிலிருந்து சரக்கு வரவழைக்கிறவர்களுக்காக கஸ்டம்ஸில் பேப்பர் போட்டு, வரி கட்டவைத்து, சரக்கை வெளியே எடுத்துக் கொடுப்பது அவர்கள் தொழில்.

நல்லது எது என்று சொல்வதற்கு முன்னால் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் ஏன் நாலு ஸ்டார் கொடுக்கிறேன் என்று புரியும். போன வருஷம் ஒரு மாதம் வேறோர் ஆபீஸுக்குப் போனேன். ஏசி, கண்ணாடிக் கதவு, காபி மெஷின், எல்லாம் உண்டு. முதல் நாள் நான் வரப்போவது அங்கே யாருக்கும் தெரியவில்லை. சேரச் சொன்ன மேடம் லீவு. ரிசப்ஷன் சோபாவில் பதினொன்றரை மணி வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒருத்தர் வந்து, "இன்னிக்கு சும்மா பாத்துக்கிட்டு இருங்க" என்றார். அந்த "இன்னிக்கு" மாதக் கடைசி வரை முடியவே இல்லை. ஃபைல் முதுகில் லேபிள் ஒட்டினேன், பழைய வவுச்சர்களை ஸ்கேன் செய்தேன், யாருக்கோ பிறந்த நாள் கேக் வாங்கிவந்தேன். கடைசி நாள் கெட்டி அட்டையில் ஒரு சர்டிஃபிகேட் கொடுத்தார்கள். ஜி.எஸ்.டி. தாக்கலில் நான் சிறந்த பயிற்சி பெற்றதாக அதில் இருந்தது. ஜி.எஸ்.டி. தளத்தின் லாகின் பக்கத்தைக்கூட நான் பார்த்ததில்லை. இனிஷியலும் தப்பு.

அங்கே யாரும் என்னைக் கேவலமாக நடத்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எல்லாரும் சிரித்த முகம்தான். எனக்கு என்ன வேலை என்று யாரும் யோசித்து வைக்கவில்லை, அவ்வளவுதான். மதியத்துக்கு மேல் வேலை இருப்பது போல நடிப்பதுதான் இருப்பதிலேயே களைப்பான வேலை.

மண்ணடிக்கு வருவோம். சேர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு பக்கம் வந்தது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, காலை 10 முதல் மாலை 6, சனி அரை நாள், மாதம் 4,000 ரூபாய், எந்த அக்காவைக் கேட்க வேண்டும், அவர் இல்லையென்றால் யாரை. கடைசியில் ஒரு வரி: "இரண்டு மாதம் முடியும்போது ஒரு பில் ஆஃப் என்ட்ரிக்கு வேண்டிய செக்லிஸ்ட்டைத் தானாகத் தயாரிக்கத் தெரிந்திருக்க வேண்டும்." அந்த வரியைப் படித்தபோது ஒரு எழவும் புரியவில்லை. (பில் ஆஃப் என்ட்ரி என்பது இறக்குமதிச் சரக்குக்காகக் கஸ்டம்ஸில் போடும் விவரப் படிவம், செக்லிஸ்ட் அதற்கு முன்னால் போடும் வரைவு.) ஆனால் எனக்கென்று ஒரு இலக்கு எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது புரிந்தது.

சம்பளத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஜூனியர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். 1961 அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் அப்ரன்டிஸாகச் சேர்ந்தால் குறைந்தபட்ச உதவித்தொகை உண்டு. நாம் காலேஜ் லெட்டரோடு போவது அந்தக் கணக்கில் வராது, ஆபீஸ் மனசு வைத்தால்தான் காசு. 2024ல் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் வந்தபோது மாதம் 5,000 என்றார்களே என்று கேட்காதீர்கள். அது பெரிய கம்பெனிகளுக்கு, முழு நேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் சேர முடியாது என்றுதான் அப்போது விதி வைத்தார்கள். ஆகவே கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால், போய்வரும் செலவையாவது கேளுங்கள். எனக்குப் பெரும்பாலும் பிங்க் பஸ், பெண்களுக்குக் காசு இல்லை. டி.எச். ரோடு நெரிசலில் லேட் ஆகும் என்று தெரிந்தால் மட்டும் காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்குவேன்.

முதல் நாள் இங்கேயும் சொதப்பல் இல்லாமல் இல்லை. என்னோடு சேர்ந்த தம்பி ஒருவன், வியாசர்பாடிப் பையன். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், அதற்கும் பாஸ்வேர்டு மூன்றாம் நாள்தான் வந்தது. ஆனால் அந்த மூன்று நாளுக்கும் வேலை தயாராக இருந்தது. அக்கா எங்கள் முன்னால் பத்து பழைய ஜாப் ஃபைல்களை வைத்தார் (ஒரு சரக்குக்கான மொத்த வேலைக்கும் ஜாப் என்று பேர்). போன வருஷமே முடிந்து, சரக்கு வெளியே போய், பணமும் வந்துவிட்ட ஃபைல்கள். ஒவ்வொன்றிலும் செக்லிஸ்ட்டை மட்டும் உருவி எடுத்து வைத்துக்கொண்டார். மீதி இருப்பது இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கை ஏற்றியதற்குக் கப்பல்காரன் தரும் பில் ஆஃப் லேடிங். "இத இன்னிக்கு வந்த ஜாப்னு நெனச்சுக்க. செக்லிஸ்ட்ட நீ போடு. அப்புறம் நான் போட்டதோட வச்சுப் பாப்போம்."

இதைவிட நல்ல பயிற்சியை நான் இதுவரை பார்க்கவில்லை. தப்பு செய்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் ஃபைல் நிஜம், இன்வாய்ஸில் டீக்கறை இருக்கும், சைனாக்காரன் எழுதிய விநோத இங்கிலீஷ் இருக்கும். ஆபீஸுக்கு இதில் ஒரு பைசா செலவில்லை. எந்த ஆபீஸிலும் பழைய ஃபைல் இல்லாமலா இருக்கும்?

நாலாவது ஃபைலில் மாட்டினேன். இன்வாய்ஸில் "ஸ்டீல் பாட்டில்" என்று மட்டும் இருந்தது. ஒவ்வொரு சரக்குக்கும் எட்டு இலக்கத்தில் ஒரு எண் போட வேண்டும், அதை வைத்துத்தான் வரி. புத்தகத்தைப் புரட்டி, வீட்டுச் சாமான், இரும்பு எஃகு, 7323 என்று பிடித்துவிட்டேன். பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா பார்த்துவிட்டு, "ஒரு சுவரா, ரெண்டு சுவரா?" என்றார். நான் முழித்தேன். அவர் தன் பையிலிருந்து ஒரு பாட்டிலையும் அந்தத் தம்பியின் பாட்டிலையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். அப்போதுதான் டீ வந்தது. இரண்டிலும் கொஞ்சம் ஊற்றினார். "தொடு." தம்பியின் பாட்டில் சுட்டது, கையை எடுத்துவிட்டேன். அக்காவின் பாட்டில் சில்லென்று இருந்தது. "சுட்டா அது வெறும் பாத்திரம், 7323. சுடலைன்னா நடுவுல காத்த எடுத்துட்டு ரெண்டு சுவரு வச்சிருக்கான், ஃபிளாஸ்க், அது 9617. இன்வாய்ஸ்காரன் ரெண்டுக்கும் பாட்டில்னுதான் எழுதுவான். கேட்டலாக் கேளு, போட்டோ கேளு, பார்ட்டிக்கு போன் போடு."

தம்பி பாவம், அன்றைக்கு முழுக்க அவன் தண்ணீரில் டீ வாசனை.

அக்கா இன்னொன்றும் சொன்னார். முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்குப் போய் அதிகாரியிடம் நேரில் விளக்கலாம். 2020 ஜூனில் ஆளைப் பார்க்காத மதிப்பீட்டு முறை வந்தது. நாட்டிலேயே முதலில் ஆரம்பித்தது பெங்களூரிலும் நம் சென்னையிலும்தான். இப்போது நாம் போடும் பில்லை வேறு ஊர் அதிகாரி பார்க்கலாம். அவருக்கு நம் முகம் தெரியாது, நாம் எழுதியது மட்டும்தான் தெரியும். "அதனாலதான் உன்ன இம்புட்டு எழுதச் சொல்றேன்." இப்படிக் காரணத்தோடு சொல்லும்போது, ஒரே வேலையைப் பத்துத் தடவை செய்தாலும் கடுப்பு வருவதில்லை.

நாலாவது வாரம் நிஜ ஜாப் வந்தது. இம்போர்ட்டர் கொருக்குப்பேட்டைக்காரர், பிளாஸ்டிக் வீட்டுச் சாமான்கள், ஒரு கன்டெய்னர். செக்லிஸ்ட்டின் அடியில் இரண்டு கட்டம்: தயாரித்தவர், சரிபார்த்தவர். முதல் கட்டத்தில் என் இனிஷியல். கை கொஞ்சம் நடுங்கியது, பொய் சொல்லவில்லை. தயாரித்து முடித்து அக்காவிடம் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார். 421 அட்டைப்பெட்டியை 412 என்று அடித்திருக்கிறேன்.

சார் அறைக்குக் கூப்பிட்டபோது அழுகை வரத் தயாராக இருந்தது. அவர் கத்தவில்லை. ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினார். இது அப்படியே போயிருந்தால் கப்பல்காரன் கணக்கோடு ஒட்டாது. திருத்தம் போட வேண்டும். அதுவரை சரக்கு யார்டில் கிடக்கும், அதற்கு வாடகை. கன்டெய்னரைத் திருப்பிக் கொடுக்க லேட்டானால் ஷிப்பிங் லைனுக்குத் தனி. பில்லையே லேட்டாகப் போட்டால் என்ன ஆகும் என்றும் பக்கத்திலேயே எழுதினார்: முதல் மூன்று நாள் தினம் 5,000, அதற்கு மேல் தினம் 10,000. அப்புறம் கன்டெய்னர் நம்பரைக் காட்டினார். நாலு எழுத்து, ஏழு எண். அந்தக் கடைசி எண் சும்மா வருவதில்லை. முன்னால் இருக்கும் பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. நடுவில் ஒன்றை மாற்றி அடித்தால் பெரும்பாலும் கணக்கு உதைக்கும், சாஃப்ட்வேர் பிடித்துவிடும். "கன்டெய்னர் நம்பருக்குக் காவல் இருக்கு. பொட்டி எண்ணிக்கைக்குக் காவல் யாரு? நீதான். போ, சாப்ட்டுட்டு வந்து திருத்து."

அன்றிலிருந்து எண்கள் எல்லாவற்றையும் ஒருத்தர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருத்தர் பார்க்க வேண்டும் என்று வைத்தார்கள். இன்டர்ன்களுக்கு மட்டும் இல்லை, ஆபீஸ் முழுக்க. என் தப்பால் ஒரு வழக்கம் வந்தது என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம்.

ஒன்றைக் கவனியுங்கள். என் இனிஷியல் இருந்தது, ஆனால் நான் தனியாக எதையும் அனுப்ப முடியாது. சரிபார்க்க ஒருத்தர், கையெழுத்து லைசென்ஸ் உள்ளவருடையது. கஸ்டம்ஸ் வேலைக்குப் போக கார்டு வேண்டும். தேர்வு எழுதித் தேறியவர்களுக்கு ஜி கார்டு, உதவியாளர்களுக்கு எச் கார்டு. எனக்கு இரண்டும் இல்லை. இதையெல்லாம் முதல் வாரமே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எதை நான் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்ததால்தான் தொட்டதைப் பயமில்லாமல் செய்தேன்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பிடித்த நாள். மண்ணடியில் வெள்ளி மதியம் ஒன்றரை மணிக்குத் தெருவே மூச்சடங்கினது போல இருக்கும். பாதிக் கடைகள் ஷட்டர் இறக்கிவிடுவார்கள், ஆபீஸிலும் மூன்று பேர் தொழுகைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பி, சாப்பாடும் முடிந்ததும் மூன்று மணிக்கு எங்கள் நோட்டை எடுக்க வேண்டும். தினமும் ஒரு வரி எழுத வேண்டிய நோட்டு அது. "இன்று கற்றது" என்று எழுதச் சொல்லவில்லை, "இன்று புரியாதது" எழுதச் சொன்னார்கள். அரை மணி நேரம் சார் அதற்கு மட்டும் பதில் சொல்வார். போன் வந்தாலும் எடுக்க மாட்டார். ஒரு வாரம் நான் எதுவும் எழுதவில்லை. "எல்லாம் புரிஞ்சுபோச்சா? அப்ப நீ வேலையே செய்யல" என்றார்.

இனி ஒரு ஸ்டாரை எங்கே வெட்டினேன் என்று சொல்கிறேன்.

அந்தத் தம்பியை இரண்டாவது வாரமே மணலிப் பக்கம் இருக்கும் கன்டெய்னர் யார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னை அனுப்பவில்லை. கேட்டதற்கு, "வெயிலும்மா, லாரிக்காரங்க, உனக்கெதுக்கு" என்றார் அண்ணன். அவர்தான் யார்டு வேலை பார்ப்பவர், நல்லவர், தங்கையைச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் லாரிக்காரர் மகளிடம் லாரிக்காரர்களைக் காட்டிப் பயமுறுத்தினால் எப்படி? என் புரியாதது நோட்டில் அன்றைக்கு எழுதினேன்: "நான் ஏன் யார்டுக்குப் போகக்கூடாது என்று புரியவில்லை." வெள்ளிக்கிழமை சார் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஆனாலும் நான் போனது ஆறாவது வாரம்தான். ஹெல்மெட், ஒளிரும் மேல்சட்டை கொடுத்தார்கள், ஷூ சைஸ் கேட்டு முன்கூட்டியே வாங்கியும் வைத்திருந்தார்கள். கன்டெய்னர் கதவில் இருந்த சீல் பூட்டை வெட்டி, திறந்ததும் அட்டையும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு சூடான வாடை முகத்தில் அடித்தது. நான் பேப்பரில் எண்ணிய பெட்டிகள் அங்கே வரிசையாக நின்றன. அந்த வாடையை இரண்டாவது வாரமே முகர்ந்திருந்தால் 421ஐ 412 என்று அடித்திருக்க மாட்டேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இரண்டாவது குறை பாத்ரூம். மாடிக்கே ஒன்று, நாலு ஆபீஸுக்குப் பொது, சாவி கீழே வாட்ச்மேன் தாத்தாவிடம். இதற்கு மேல் விவரிக்க வேண்டாம். அக்கா அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார், போகிற பெண்கள் முதல் நாளே அவரைக் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, முதல் மாதப் பணம் ஐந்தாம் தேதி வந்தது, இரண்டாவது மாதம் பதினொன்றாம் தேதி. மறந்துவிட்டார்கள். நானே கேட்டு வாங்கினேன். 4,000 ரூபாய் ஆபீஸுக்குச் சில்லறை, எனக்கு அது செமஸ்டர் ஃபீஸ்.

ஒரு நல்ல விஷயத்தை மறந்துவிட்டேன். ஏழு பேர் ஆபீஸ் என்பதால் பாலியல் தொல்லைக்கென்று தனியாகப் புகார்க் குழு கிடையாது, பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் கட்டாயம். ஆனால் அதற்கான 2013 சட்டத்தில் பயிற்சிக்கு வருகிறவர்களும் அடக்கம், சின்ன ஆபீஸ் என்றால் மாவட்ட அளவில் இருக்கும் குழுவிடம் போகலாம். இதை அக்கா முதல் நாளே உட்காரவைத்துச் சொன்னார். நான் கேட்காமலே. ஆறு மணிக்கு மேல் எங்களை இருக்கவிடுவதும் இல்லை. ஒரே ஒரு நாள் கப்பல் விஷயமாக ஏழே முக்கால் ஆகிவிட்டது, அன்றைக்கு அக்காவே மண்ணடி மெட்ரோ படி வரை நடந்து வந்தார். வழியில் செகண்ட் லைன் பீச் பக்கம் பர்மா நூடுல்ஸ், அத்தோ சாப்பிட்டோம், அவர் காசு. வெங்காயம் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள், வேறெதுவும் சொல்லத் தேவையில்லை.

கடைசி நாள் கொடுத்த லெட்டர் சாதாரண ஏ4 பேப்பர், லேமினேஷன் இல்லை. பன்னிரண்டு செக்லிஸ்ட் தயாரித்தார், முதல் ஐந்தில் ஏழு திருத்தம், கடைசி ஏழில் ஒரு திருத்தம், பாட்டில் வகையறாவில் வகைப்படுத்தக் கற்றார், எடையில் மொத்தம், நிகரம் இரண்டையும் இன்னும் கவனிக்க வேண்டும். அந்தக் கடைசி வரியைப் பார்த்து முதலில் முகம் சுண்டியது. லெட்டரில் போய் யாராவது குறையை எழுதுவார்களா? அப்புறம் போன மாதம் ஒரு இன்டர்வியூவில் அதை நீட்டினேன். எதிரே இருந்தவர் முழுசாகப் படித்துவிட்டு, "அந்த ஏழு திருத்தம் என்னென்ன?" என்று ஆரம்பித்தார். இருபது நிமிஷம் அதைப் பற்றியே பேசினோம். கெட்டி அட்டை சர்டிஃபிகேட்டை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பா விஷயம் ஒன்று. இருபது வருஷமாகக் கன்டெய்னர் இழுக்கிறார். சீல் தெரியும், துறைமுகத்துச் சீரோ கேட் க்யூ தெரியும், எந்த மேட்டில் வண்டி திணறும் என்று தெரியும். பேப்பர் மட்டும் தெரியாது. போன வாரம் யார்டு வாசலிலிருந்து போன்: "டி.ஓ. வரலன்னு ஒரு நாளா நிக்க வச்சிருக்கான்மா. டி.ஓ.ன்னா இன்னா?" டெலிவரி ஆர்டர், சரக்கை இவரிடம் கொடுக்கலாம் என்று ஷிப்பிங் லைன் தருகிற அனுமதி, அவர்கள் பணம் வாங்காமல் தர மாட்டார்கள், ஆகவே யார்டுக்காரனிடம் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை, ஏஜென்ட்டுக்குப் போன் போடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்ப இத்தினி வருசமா தப்பான ஆளுகிட்டயா கத்திக்கினு இருந்தேன்?" என்றார்.

போக நினைக்கிறவர்களுக்கு: மே மாதம் இரண்டு பேரை எடுக்கிறார்கள், மார்ச்சிலேயே கேளுங்கள். காலேஜ் லெட்டரில் தேதி தெளிவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சார் திருப்பி அனுப்பிவிடுவார். இன்னும் நாற்காலி இரண்டு ஆகவில்லை என்று கேள்வி, சீக்கிரம் போகிறவருக்குத்தான் ஜன்னலோர இடம். தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள், முடிந்தால் இரண்டு சுவர் வைத்ததாக.